சக்சவுல்

சக்சவுல் என்பது நடு ஆசியப் பாலைவனங்களில் வளரும், உப்பையும் வறட்சியையும் தாங்கக்கூடிய புதர் அல்லது சிறுமரம் ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஹாலோக்சிலோன் அம்மோடெண்ட்ரோன். துர்க்மெனிஸ்தானின் காரகும், உஸ்பெகிஸ்தான்-கசக்ஸ்தானின் கிசில்கும், மங்கோலியா-சீனாவின் கோபி ஆகிய பாலைவனங்களில் காடு என்று சொல்லத்தக்க அளவுக்குக் கூட்டமாக வளரும் மரவகை பெரும்பாலும் இது ஒன்றே. நகரும் மணலை நிறுத்துவதற்காக நூறாண்டுகளுக்கும் மேலாக இது நடப்பட்டு வருகிறது. வற்றிப்போன அரால் கடலின் தரையில் 2018ஆம் ஆண்டு இறுதி முதல் பெருமளவில் விதைக்கப்பட்டதால், தாவரவியலாளர் அல்லாதோரிடமும் இதன் பெயர் பரவியது.

பெயர்

ஹாலோக்சிலோன் என்னும் பேரினப் பெயர், உப்பு, மரம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. அம்மோடெண்ட்ரோன் என்றால் மணல் மரம். ஆக, அறிவியல் பெயரே இத்தாவரம் வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. சக்சவுல் என்பது துருக்கிய மொழிகளிலிருந்து ருஷ்ய மொழி வழியாக உலகெங்கும் பரவிய பெயர். சீனர்கள் இதனை சுவோசுவோ என்றும், மங்கோலியர்கள் சக் என்றும், பாரசீகர்கள் தாக் என்றும் அழைக்கின்றனர். மங்கோலியாவின் கோபிப் பகுதியில் உள்ள பயான்சக் என்ற இடப்பெயருக்குச் "சக்சவுல் நிறைந்தது" என்று பொருள். 1923ல் டைனோசர் முட்டைகள் கண்டெடுக்கப்பட்ட செம்பாறைச் சரிவுகள் இங்குதான் உள்ளன.

இத்தாவரத்தை முதலில் அறிவியல் முறையில் விவரித்தவர் ருஷ்யத் தாவரவியலாளர் கார்ல் அன்டன் மேயர். அல்தாய் மலைப்பகுதிக்குச் சென்ற பயணக்குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார். விவரிப்பு 1829ல் வெளியானது. அவர் இதனை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். அதே குழுவில் இருந்த அலெக்சாண்டர் பூங்கே வகுத்த ஹாலோக்சிலோன் பேரினத்திற்கு இது பின்னர் மாற்றப்பட்டது.

வகைப்பாடு

சக்சவுல் அமரந்தேசியே எனப்படும் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பு இது கீனோபோடியேசியே என்ற தனிக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. பிற்கால வகைப்பாடுகளில் அக்குடும்பம் அமரந்தேசியேயுடன் இணைக்கப்பட்டது. நாம் உண்ணும் தண்டுக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட் ஆகியவை இதே குடும்பத்தில் அடங்கும். தமிழகக் கடற்கரையின் உப்பளங்களை ஒட்டி வளரும் உமரிச் செடியும் அவ்வாறே. உவர்நிலத்தில் வாழும் திறன் இக்குடும்பத்தின் பல கிளைகளில் காணப்படும் பண்பு. சக்சவுல் அதனைப் பாலைவனத்தின் நடுவே ஒரு மரத்தின் அளவுக்கு வளர்த்தெடுத்துள்ளது.

நடு ஆசியாவில் மக்கள் கருஞ்சக்சவுல், வெண்சக்சவுல் என இரண்டைப் பிரித்தறிகின்றனர். கருஞ்சக்சவுல் தாழ்வான, உவர்ப்பான, நிலத்தடி நீர் எட்டக்கூடிய ஆழத்தில் உள்ள நிலங்களில் வளர்கிறது. வெண்சக்சவுல் மணல் மேடுகளின் மேல் வளர்கிறது. உப்பை அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. வெண்சக்சவுல் ஹாலோக்சிலோன் பெர்சிகம் என்ற தனி இனம் என்பதில் ஐயமில்லை. கருஞ்சக்சவுலைச் சோவியத் தாவரவியலாளர்கள் ஹாலோக்சிலோன் அபில்லம், அதாவது இலையற்ற சக்சவுல் என்று தனி இனமாகக் கொண்டனர். பலர் அதனை அம்மோடெண்ட்ரோனிலேயே அடக்குகின்றனர். இக்கட்டுரையில் சக்சவுல் என்று பொதுவாகக் குறிப்பது இந்த விரிந்த பொருளிலேயே ஆகும்.

தோற்றம்

வளரும் இடத்தைப் பொறுத்து சக்சவுல் ஆள் உயரத்திற்கும் குறைந்த புதராகவோ, சுமார் 8 மீட்டர் உயரமுள்ள மரமாகவோ இருக்கும். அடிமரம் முறுக்கியும் கணுக்கணுவாகவும் வளைந்தும் காணப்படும். நேரான ஒரு கட்டையை இதிலிருந்து எடுப்பது அரிது. இலைகள் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இலையே இல்லாத மரமாகத் தோன்றும். சவுக்கு மரத்தைப் பார்த்திருப்பவர்கள் இதன் மெல்லிய, கணுக்களுடன் கூடிய பசுந்தண்டுகளை எளிதில் மனக்கண்ணில் காணலாம். ஆனால் சவுக்குக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. இலை செய்ய வேண்டிய ஒளிச்சேர்க்கையை இப்பசுந்தண்டுகளே செய்கின்றன. இலைகள் உதிர்வதைப் போல, பசுந்தண்டுகளில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் உதிர்கிறது. கடும் வறட்சி வந்தால் கோடையிலேயே ஒரு பகுதி உதிர்ந்துவிடும்.

மரம் மிகவும் அடர்த்தியானது. தண்ணீரில் போட்டால் மூழ்கும். கடினமாக இருந்தாலும் எளிதில் நொறுங்கக் கூடியது. ஆகவே இதனை வாளால் அறுப்பதை விட, கல்லின் மேல் ஓங்கி அடித்து உடைப்பதே எளிது என்பது பாலைவன மக்களின் பழக்கம். தச்சு வேலைக்கு உதவாத இம்மரம் விறகாகச் சிறப்புப் பெற்றது. அதுவே பின்னர் இதற்கு ஆபத்தாகவும் முடிந்தது.

உப்பையும் வறட்சியையும் தாங்கும் முறை

உவர்மண்ணில் ஒரு செடிக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, மண்ணில் நீர் இருந்தும் அதை உறிஞ்ச இயலாமை. மண்ணின் நீரில் உப்பு மிகுந்தால், அந்நீர் வேருக்குள் செல்வதற்குப் பதிலாக வேரிலிருந்து வெளியேற முற்படும். இரண்டாவது, உள்ளே புகும் சோடியம் செல்லின் நொதிகளைக் கெடுப்பது.

சக்சவுல் இவ்விரண்டையும் ஒரே வழியில் சமாளிக்கிறது. உப்பைத் தடுத்து நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளே ஏற்று, பசுந்தண்டுச் செல்களின் நடுவே உள்ள வாக்குவோல் என்னும் நீர்ப்பைகளில் அடைத்து வைக்கிறது. நொதிகள் இயங்கும் பகுதியில் உப்பு சேர்வதில்லை. அதே சமயம் செல்லின் மொத்த உப்புச்செறிவு மண்ணை விட மிகுவதால், நீர் செடிக்குள் வருகிறது. நஞ்சாக இருக்க வேண்டியது நீர் இறைக்கும் கருவியாகிவிடுகிறது. சேமித்த உப்பு என்ன ஆகும் என்ற கேள்வி இங்கு எழும். பசுந்தண்டுகள் உதிரும்போது உப்பும் அவற்றுடன் போய்விடுகிறது.

இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. உதிர்ந்த தண்டுகள் மட்கும்போது அவற்றில் இருந்த உப்பு மேல்மண்ணில் சேர்கிறது. ஆழத்திலிருந்து வேர் கொணர்ந்த உப்பு இவ்வாறு மரத்தடியில் குவிவதால், கருஞ்சக்சவுலின் கீழுள்ள மண் சுற்றுப்புறத்தை விட உவர்ப்பாக இருப்பது வழக்கம். மட்கும் சத்தும் நிழலும் அதே இடத்தில் இருப்பதால், உப்பைத் தாங்கும் சிறுசெடிகள் அங்கே முளைக்கின்றன, தாங்காதவை முளைப்பதில்லை. "மரம் நட்டால் மண்ணின் உப்பு குறையும்" என்ற பொதுவான நம்பிக்கை சக்சவுலுக்குப் பொருந்தாது.

ஒளிச்சேர்க்கையில் சக்சவுல் சி4 வகையைச் சேர்ந்தது. கரும்பும் சோளமும் மக்காச்சோளமும் பின்பற்றும் இம்முறையில், கரிமவளி முதலில் ஒரு செல்லடுக்கில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடிக்கப்பட்டு, அடுத்த அடுக்கில் செறிவூட்டி விடுவிக்கப்படுகிறது. இதனால் இலைத்துளைகளைக் குறுகலாகத் திறந்து வைத்தாலே போதுமானது. இழக்கும் நீர் குறைகிறது. பெரும்பாலான சி4 தாவரங்கள் புற்களும் சிறுசெடிகளும் ஆகும். மர அளவுக்கு வளரும் சி4 தாவரங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் சக்சவுல் ஒன்று.

நிலத்தடி நீரை நாடிச் செல்லும் ஆணிவேர் 10 மீட்டருக்கும் மேல் ஆழம் செல்லக்கூடும். பக்கவேர்கள் பனியும் இளவேனில் மழையும் நனைக்கும் மேல்மண்ணில் படர்கின்றன. ஆண்டுக்கு 100 முதல் 200 மில்லிமீட்டர் வரையே மழைபெறும் நிலத்தில் இவ்விரு நீர்வழிகளும் தேவைப்படுகின்றன. கோடையில் 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும், கோபியின் குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் குறைவான குளிரையும் ஒரே மரம் தாங்குகிறது. பாலைவனம் என்றதும் எப்போதும் வெப்பமான இடத்தையே எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சக்சவுல் வாழ்வது குளிர்காலம் கடுமையாக உள்ள பாலைவனங்களில்.

இனப்பெருக்கம்

இளவேனிலில், ஏப்ரல்-மே மாதங்களில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பூக்கள் பூக்கின்றன. காய்கள் உடனே வளர்வதில்லை. கோடை முழுவதும் உறங்கிக் கிடந்து, வெப்பம் தணிந்த பின் வளர்ந்து, அக்டோபர்-நவம்பரில் முதிர்கின்றன. ஒவ்வொரு காயையும் சுற்றி ஐந்து மெல்லிய சிறகுகள் உள்ளன. காற்று இவற்றை மணலின் மேல் உருட்டிச் செல்கிறது.

விதையின் அமைப்பு வியப்பானது. உள்ளே கருவூண் இல்லை. சுருள்வில் போலச் சுருண்ட பசுங்கரு மட்டுமே உள்ளது. ஈரம் பட்டதும் இச்சுருள் விரிகிறது. சாதகமான நிலையில் சில மணி நேரத்திலேயே முளை வெளிவந்துவிடும். உருகும் பனியின் ஈரம் மணலில் நிற்கும் குறுகிய காலத்திற்குள் வேரை இறக்கிவிட வேண்டியிருப்பதால் இந்த வேகம் தேவைப்படுகிறது. நாற்றின் தண்டு சில சென்டிமீட்டர் வளர்வதற்குள் வேர் அதைப் போலப் பல மடங்கு கீழே சென்றிருக்கும்.

வேகத்திற்குரிய விலை விதையின் குறுகிய ஆயுள். சாதாரண அறையில் வைத்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் பெரிதும் குறைந்துவிடும். குளிராகவும் உலர்வாகவும் வைத்தால் சற்று நீட்டிக்கலாம். எனவே இலையுதிர்காலத்தில் சேகரித்த விதையை அதே குளிர்காலத்திலோ, அடுத்த இளவேனிலின் தொடக்கத்திலோ விதைத்துவிட வேண்டும். ஓராண்டு விளைச்சல் பொய்த்தால் அவ்வாண்டுக்கான விதைப்புத் திட்டமும் பொய்க்கும்.

பாலை நிலத்தில் இதன் பங்கு

காற்று மணலை நகர்த்துவது பெரும்பாலும் தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் நிகழ்கிறது. மணல்துகள்கள் துள்ளித் துள்ளி நகர்கின்றன. நடுவே ஒரு புதர் நின்றால் அங்கு காற்றின் வேகம் குறைந்து மணல் விழுகிறது. புதரைச் சுற்றிச் சிறு மேடு எழுகிறது. மணல் மூடமூடத் தண்டு மேலே வளர்கிறது. ஒரு சக்சவுல் பத்து டன் மணலைப் பிடித்து வைக்கும் என்ற கணக்கு செய்திகளில் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. முழுமையாக வளர்ந்த மரத்திற்கே இத்தகைய கணக்கு ஓரளவு பொருந்தும். முழங்கால் உயர நாற்றுக்கு அன்று. நட்ட சில ஆண்டுகளுக்கு மண்ணைக் காப்பது செடியை விட, விதைப்பதற்காக உழுத சால்களே ஆகும்.

சக்சவுல் காட்டை நம்பி வாழும் உயிர்கள் பல. சக்சவுல் சிட்டுக்குருவிக்கு இம்மரத்தின் பெயரே இடப்பட்டுள்ளது. பாண்டர் தரைக்காகம் இதன் கிளைகளில் கூடு கட்டுகிறது. ஒட்டகங்களும் நடு ஆசியச் சிறுமான்களும் பசுந்தண்டுகளை மேய்கின்றன. பெரு ஜெர்பில் என்னும் கொறிணி மரத்தடியில் வளைகள் அமைத்துக் கூட்டமாக வாழ்ந்து, தண்டுகளைக் கத்தரித்துச் சேமிக்கிறது. கசக்ஸ்தானில் பிளேக் நோய்க் கிருமியை இயற்கையில் சுமக்கும் விலங்குகளுள் இதுவே முதன்மையானது. ஆதலால் சக்சவுல் காடுகள் தாவரவியலாளர்களை மட்டுமன்றி நோய்த்தடுப்புத் துறையினரையும் ஈர்த்துள்ளன.

வேரில் வளரும் ஒட்டுண்ணி ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. சிஸ்டான்கே டெசர்டிகோலா எனப்படும் இத்தாவரத்திற்குப் பச்சையமே இல்லை. சக்சவுலின் வேரிலிருந்து உணவைப் பெற்று, மணலுக்கடியில் சதைப்பற்றான தண்டாக வளர்ந்து, இளவேனிலில் தலைகாட்டிப் பூக்கிறது. சீன மருத்துவத்தில் இதற்குப் பெரும் மதிப்புண்டு; பாலைவன ஜின்செங் என்றும் சொல்வர். காட்டில் தோண்டியெடுத்ததால் இது அருகியது. வேரை அறுத்ததால் சக்சவுலும் பட்டது. இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டுக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்மங்கோலியாவின் அல்ஷா பகுதியில் உழவர்கள் சக்சவுலை நட்டு, அதன் வேரில் இவ்வொட்டுண்ணியின் விதையைச் சேர்த்து வளர்த்து வருவாய் ஈட்டுகின்றனர். மரம் செத்தால் மருந்தும் இல்லை என்பதால், நட்டவரே மரத்தைக் காக்கும் நிலை அங்கு ஏற்பட்டது.

விறகும் அழிவும்

சக்சவுல் விறகு புகை குறைவாகவும் வெப்பம் மிகுதியாகவும் எரியும். தணல் நெடுநேரம் நிற்கும். வெப்ப அளவில் இதனைத் தாழ்தர நிலக்கரியுடன் ஒப்பிடுவர். மரமற்ற நிலத்தில் இத்தகைய எரிபொருள் கிடைத்தது நாடோடி ஆயர்களுக்குப் பெரும் பேறு. அவர்கள் எடுத்தது பெரும்பாலும் பட்ட கிளைகளையே.

பெருமளவில் வெட்டத் தொடங்கியது ருஷ்யப் பேரரசு நடு ஆசியாவுக்கு வந்த பிறகு. 1850களில் அரால் கடலிலும் சிர் தாரியா ஆற்றிலும் ஓடிய ருஷ்ய நீராவிப் படகுகள் சக்சவுலை எரித்தே ஓடின. கரையை ஒட்டிய காடுகள் விரைவில் தீர்ந்தன. 1880ல் தொடங்கிய காஸ்பியன்-அப்பாலைத் தொடர்வண்டிப் பாதை காரகும் வழியே சென்றபோது வேறொரு பாடம் கிடைத்தது. பாதையோரப் புதர்கள் விறகுக்காக வெட்டப்பட்டன. தண்டவாளத்தை மணல் மூடியது. அதன் பின் மணலை நிறுத்தச் சக்சவுல் முதலிய புதர்களை நட வேண்டியதாயிற்று. இதே பாதையோரம் ரெபெடெக் என்ற இடத்தில் 1912ல் மணல் பாலைவன ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்குள்ள கருஞ்சக்சவுல் காடு, 2023ல் "துரான் குளிர்ப் பாலைவனங்கள்" என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று.

சோவியத் காலத்தில் வெட்டு இன்னும் பெருகியது. இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரித் தட்டுப்பாட்டால் நகரங்களும் ஆலைகளும் சக்சவுலை நம்பின. எரிவாயு வந்த பிறகு வீட்டுத் தேவை குறைந்தது. ஆனால் இறைச்சி சுடும் கடைகளில் சக்சவுல் தணலுக்குத் தனி மதிப்பு நீடித்ததால் கள்ள வெட்டு தொடர்ந்தது. கசக்ஸ்தான் அரசு வெட்டுவதற்குத் தடை விதித்தது. ஒரு மரம் முழு வளர்ச்சி பெறப் பல பத்தாண்டுகள் ஆகும்; அடுப்பில் அது ஒரு மாலைப் பொழுதுக்குப் போதாது.

அரால் கடலின் தரையில்

1960ல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அரால் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. இதற்கு நீர் தந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டன. கடல் வற்றி, 1980களின் இறுதியில் வடக்கு, தெற்கு எனப் பிரிந்தது. 2005ல் கட்டப்பட்ட கோக்-அரால் அணையால் கசக்ஸ்தான் பக்கத்து வட அரால் ஓரளவு மீண்டது. தென் அராலின் கிழக்குப் படுகை 2014ல் முழுவதுமாக வறண்டது. வெளிப்பட்ட தரை அரால்கும் என்னும் புதிய பாலைவனமாயிற்று. பரப்பு சுமார் 60,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதி. இத்தரையிலிருந்து எழும் புழுதியில் உப்புடன், பருத்தி வயல்களிலிருந்து பல பத்தாண்டுகள் வடிந்த பூச்சிக்கொல்லி எச்சங்களும் கலந்துள்ளன. 2018 மே மாத இறுதியில் வீசிய உப்புப் புயல் கரகல்பக்ஸ்தான், கோரெசம் பகுதிகளின் வயல்களையும் வீடுகளையும் வெண்ணிறமாக்கியது.

கடல் தரையில் சக்சவுல் நடும் முயற்சி 1980களிலேயே தொடங்கியிருந்தது. 2018 டிசம்பரில் உஸ்பெகிஸ்தான் அதனை ஒரு பெரும் இயக்கமாக்கியது. வனத்துறையினருடன் படைவீரர்களும் அவசரகால அமைச்சகத்தினரும் அனுப்பப்பட்டனர். டிராக்டர்கள் சால் உழுதன. சிறு விமானங்கள் விதை தூவின. சில ஆண்டுகளில் பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் விதைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. கசக்ஸ்தானும் தன் எல்லைக்குள் இதனைச் செய்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 மே மாதத்தில் அரால் பகுதியைச் சூழலியல் புத்தாக்கங்களுக்கான வட்டாரமாக அறிவித்தது.

விதைத்த ஹெக்டேரும் காடான ஹெக்டேரும் ஒன்றல்ல. முதலில் வற்றிய கரையோரத் தரை மணற்பாங்கானது. அங்கே சக்சவுல் நன்கு பிழைக்கிறது, சில இடங்களில் தானாகவே விதை பரப்புகிறது. பின்னர் வற்றிய ஆழப்பகுதியின் தரையோ களிமண்ணும் உப்புப்பொருக்கும் கொண்டது. உவர்நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் நிற்கிறது. உப்பைத் தாங்கும் தாவரமே ஆனாலும் நாற்றுப் பருவத்தில் சக்சவுலுக்கு அது தாளாது. இத்தகைய இடங்களில் பெரும்பாலான நாற்றுகள் முதல் கோடையிலேயே மடிகின்றன. ஆழமான சால் உழுது, காற்று கொணரும் மணல் அதில் நிறைந்த பின் அம்மணலில் விதைப்பது இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று. வேலை இரட்டிப்பாகிறது, ஓராண்டு காத்திருக்கவும் வேண்டும். ஆனால் மணல் தரும் அந்தச் சில அங்குல உப்பில்லா மண்தான் நாற்றுக்கு உயிர். உப்புப்புழுதி மிகுதியாகக் கிளம்புவதும் மணல் தரையிலிருந்து அன்று, இந்த உவர்க்களித் தரையிலிருந்தே. எளிதில் பிழைக்கும் இடத்தில் மட்டும் நட்டால் கணக்கு உயரும், புழுதி குறையாது.

கப்பலுக்கு விறகாக எரிந்த புதர், கப்பல் ஓடிய கடலின் தரையில் நடப்படுகிறது. முய்னாக் நகரின் பழைய துறைமுகத்தில் துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்களைச் சுற்றிலும் இப்புதர்களைக் காணலாம்.

சீனாவிலும் ஈரானிலும்

சீனாவின் கான்சு மாநிலத்தில் உள்ள மின்சின், இரு பாலைவனங்களுக்கிடையே சிக்கிய பாசனப் பகுதி. இங்கு 1950கள்-60கள் முதல் சக்சவுல் நடப்பட்டது. தொடக்கத்தில் மணல் நின்றது. பின்னர் வேளாண்மைக்காகக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கவே, அடர்த்தியாக நடப்பட்ட மரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. ஈரானில் 1960கள் முதல் தாக் பெருமளவில் நடப்பட்டது. பல தோப்புகளில் மேல்மண்ணில் எண்ணெய்க்கழிவைத் தெளித்து, மணலைத் தற்காலிகமாக நிறுத்திய பின் நட்டனர். அங்கும் நெருக்கமாக நட்ட தோப்புகள் பட்டுப்போயின. இயற்கையான சக்சவுல் காட்டில் மரங்கள் பல மீட்டர் இடைவெளி விட்டே நிற்கின்றன. அந்த வெற்றிடம் வீணானது அன்று. ஒவ்வொரு மரமும் தன் பங்கு மழைநீரைத் திரட்டும் நிலம் அது.

2014ல் சீனத் தொழில்முனைவோரின் சூழல் அமைப்பான எஸ்இஇ, அல்ஷாவில் பத்துக் கோடி சக்சவுல் நடும் திட்டத்தை அறிவித்தது. 2016ல் அலிபே செயலி தொடங்கிய எறும்புக் காடு திட்டத்தில், பயனர் பேருந்தில் செல்வது, நடப்பது போன்றவற்றுக்குப் புள்ளிகள் பெற்றார், 17.9 கிலோகிராம் எனக் குறிக்கப்பட்ட புள்ளி சேர்ந்ததும் அவர் பெயரில் ஒரு சக்சவுல் நடப்பட்டது. ஒரு பாலைவனப் புதரின் பெயர் நகரத்து இளைஞர்களின் வாயில் புழங்கியது இதனால்தான். மழைவளம் தாங்கும் அளவுக்கு மேல் நடப்படுகிறதா என்ற கேள்வியைச் சீன அறிஞர்கள் இத்திட்டங்கள் குறித்தும் எழுப்பியுள்ளனர்.

உறவினங்கள்

இதே உறவில் வந்த லானா எனப்படும் ஹாலோக்சிலோன் சாலிகார்னிகம் என்ற குறும்புதர் அரேபியாவிலிருந்து இந்தியாவின் தார் பாலைவனம் வரை பரவியுள்ளது. ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களில் ஒட்டகத் தீவனமாகவும் எரிபொருளாகவும் பயன்படுகிறது. இது மரமாக வளர்வதில்லை. மற்றொரு உறவினமான கார் என்ற புதரை எரித்த சாம்பலிலிருந்து சஜ்ஜி என்னும் சோடாக்காரம் எடுக்கப்பட்டது. துணி வெளுக்கவும் அப்பளம் செய்யவும் இது வழங்கியது.